13 ஜன்னலுக்கு 41,000 டாலர்: ஃபுளோரிடாவில் புயல் ஜன்னல் போடுவதற்கு முன்

என்னிடம் யோசனை கேட்டவர் ஃபுளோரிடாவில், ப்ரவர்ட் கவுண்டியின் பெம்ப்ரோக் பைன்ஸில் வீடு வாங்கியிருக்கிறார். 1989-இல் கட்டிய ஒற்றைத் தள வீடு, சிமென்ட் பிளாக் சுவர். 13 ஜன்னல், பின்பக்கம் 8 அடி அகல ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு, ஒரு வாசல் கதவு. எல்லாவற்றையும் புயல் தாங்கும் இம்பாக்ட் வகைக்கு மாற்ற 41,000 டாலர் கொட்டேஷன் வந்திருக்கிறது. இன்றே கையெழுத்துப் போட்டால் 6,000 குறைப்பதாக விற்பனையாளர் சொல்கிறாராம். "இந்த விலை நியாயமா? இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் பாதி என்று செய்யலாமா? இன்சூரன்ஸ் குறையுமா?" இவை மூன்றும்தான் கேள்விகள். ஆனால் இவற்றுக்கு அடியில் நான்காவதாக ஒரு கேள்வி கேட்கப்படாமலே இருக்கிறது: புயலிலிருந்து வீட்டைக் காக்க ஜன்னலைத்தான் மாற்ற வேண்டுமா? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற மூன்றும் சுலபமாகிவிடும்.

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். தெற்கு ஃபுளோரிடாவில் ஜன்னல் பொருத்தும் நிறுவனத்தில் அளவெடுப்பதும் மதிப்பீடு போடுவதுமாகப் பல வருஷம் ஓடியது. இப்போது நான் எதையும் விற்பதில்லை என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசலாம்.

விலையிலிருந்தே தொடங்குகிறேன். சமீப வருஷங்களில் இந்தப் பக்கத்தில் நான் பார்க்கும் கொட்டேஷன்களில், மூன்றடிக்கு நாலைந்தடி அளவுள்ள சாதாரண அலுமினிய ஜன்னல் ஒன்றுக்குப் பொருள், கூலி, பெர்மிட் எல்லாம் சேர்த்து 1,200 முதல் 2,000 டாலர் வரை வருகிறது. எட்டடி ஸ்லைடிங் கதவு 4,000 முதல் 7,000. வாசல் கதவு 3,500-இல் தொடங்கி, வேலைப்பாடும் பக்கவாட்டுக் கண்ணாடியும் சேர்ந்தால் 7,000 வரை போகும். உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் பாருங்கள்: கீழ்க்கணக்கு சுமார் 23,000, மேல்கணக்கு 40,000. 41,000 என்பது அந்த மேல்கணக்கையும் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. பகல் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 6,000 குறைத்து 35,000 என்றாலும் அது சலுகை விலை இல்லை, சந்தை விலைதான். இந்த எண்களை அனுபவத்தில் பார்த்த வீச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு ஜன்னல், சமையலறைக்கு வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல், திறக்க முடியாத பெரிய கண்ணாடி ஜன்னல் ஏதாவது இருந்தால் கணக்கு மாறும். உங்கள் கொட்டேஷன் ஒவ்வொரு திறப்புக்கும், அதாவது ஒவ்வொரு ஜன்னலுக்கும் கதவுக்கும், தனித்தனியாக அளவும் விலையும் சொல்லாமல் மொத்தமாக ஒரே எண்ணைப் போட்டிருந்தால், முதலில் அதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுப்பவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இவ்வளவு விலை எதற்கு என்று கேட்டால், 1992 ஆகஸ்ட் 24-க்குப் போக வேண்டும். அன்று ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பக்கம் கரையேறி ஆயிரக்கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கியது. பிறகு ஆராய்ந்தபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தென்பட்டது. காற்று வெளியிலிருந்து சுவரைத் தள்ளியதைவிட, உடைந்த ஜன்னல் வழியாகவும் மடங்கிய கேரேஜ் கதவு வழியாகவும் உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கியதில்தான் பெரிய சேதம். கூரைக்கு மேலே காற்றின் உறிஞ்சல், கீழே உள்ளழுத்தம், இரண்டும் ஒரே திசையில் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஜன்னல் காப்பது கண்ணாடியை மட்டுமல்ல, கூரையையும்தான். அதன் பிறகு மயாமி-டேட், ப்ரவர்ட் இரண்டு கவுண்டிகளிலும் விதிகள் கடுமையாயின. 2002 மார்ச்சில் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதித்தொகுப்பு வந்தபோது இந்த இரண்டும் அதிவேகக் காற்று மண்டலம் என்று தனியாகவே வைக்கப்பட்டன. நீங்கள் இருப்பது அந்த மண்டலத்துக்குள். இங்கே பெர்மிட் எடுத்து எல்லா ஜன்னலையும் மாற்றினால், ஒன்று இம்பாக்ட் ஜன்னல் போட வேண்டும், இல்லையென்றால் அந்தத் திறப்புக்கு அங்கீகாரம் பெற்ற ஷட்டர், அதாவது வெளியிலிருந்து மூடும் மறைப்பு, இருக்க வேண்டும்.

சோதனையும் அதற்கேற்ற மாதிரிதான். 9 பவுண்டு எடையுள்ள மரச்சட்டத்தை, நம் கூரை வேலையில் பார்க்கும் டூ-பை-ஃபோர் கட்டையைத்தான், ஒரு குழாயிலிருந்து வினாடிக்கு 50 அடி வேகத்தில் கண்ணாடி மேல் சுடுவார்கள். நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று. கண்ணாடி விரிசல் விடும், அது பரவாயில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் கிழியாமல் மொத்தத்தையும் சட்டத்துக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும். அப்புறம் அதே விரிசல் விட்ட ஜன்னலை உள்ளேயும் வெளியேயுமாக 9,000 தடவை அழுத்தி இழுப்பார்கள். தேறினால் மயாமி-டேட் கவுண்டி ஓர் ஒப்புதல் எண் தரும், அதை என்.ஓ.ஏ. என்பார்கள். உங்கள் கொட்டேஷனில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அந்த எண்ணோ, மாநில ஒப்புதல் எண்ணோ இருக்க வேண்டும். 'இம்பாக்ட் ஜன்னல் என்றால் உடையவே உடையாது' என்று விற்பவர் சொன்னால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். பெரிய அடி விழுந்தால் உடையும். புயலுக்குப் பிறகு அதை மாற்றவும் வேண்டியிருக்கும். வீட்டுக்குள் காற்று வராது, அதுதான் வாக்குறுதி.

இனி பொருத்துவது. என்னைப் பொறுத்தவரை பிராண்டைவிட இதுதான் முக்கியம், ஆனால் யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை. ஜன்னல் சுவரில் நிற்பது கான்கிரீட் திருகுகளால். எத்தனை அங்குலத்துக்கு ஒரு திருகு, பிளாக்குக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும், ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று எல்லாம் என்.ஓ.ஏ. வரைபடத்தில் போட்டிருக்கும். 1989-இல் கட்டிய வீட்டில் பழைய ஜன்னலைக் கழற்றினால், சுற்றிலும் வைத்திருக்கும் மரச்சட்டம் பல இடங்களில் உளுத்துப் போயிருக்கும். விரலால் அழுத்தினாலே உதிரும். அதை மாற்றாமல் மேலேயே புது ஜன்னலை வைத்துத் திருகுபவர்கள் உண்டு. இன்னொன்று, துளை போடும்போது பிளாக் உள்ளே உடைந்துவிட்டால் திருகு பிடிக்காமல் சும்மா சுற்றும். நல்ல ஆள் கொஞ்சம் தள்ளி இன்னொரு துளை போடுவார். அவசரக்காரர் அதே துளையில் திருகை விட்டு, தலைமேல் சீலன்ட்டைப் பூசிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேலை நடக்கும் நாளில் வீட்டில் இருங்கள். சீலன்ட் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சட்டத்தையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டி இன்ஸ்பெக்டர் வந்து முடிக்கும் வரை கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழிக்க விடாதீர்கள். ஸ்டிக்கர் போன பிறகும் கண்ணாடியின் ஒரு மூலையில் நகக்கண் அளவு எழுத்தில் பொறித்த குறி இருக்கும். பிற்காலத்தில் இன்சூரன்ஸுக்குப் படம் எடுக்க வருபவர் குனிந்து தேடுவது அதைத்தான்.

பொருத்திய பிறகு வெளிப்பூச்சும் உள்பக்க டிரைவாலும் ஓரங்களில் பெயர்ந்திருக்கும். பூச்சு வேலை, பெயின்ட், ஜன்னல் அடிப்படிக் கல் ஆகியவை விலையில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இவை இல்லாத 33,000 கொட்டேஷனைவிட இவை அடங்கிய 36,000 மலிவாக முடியலாம்.

இப்போது அந்த நான்காவது கேள்வி. ஷட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஜன்னல் விற்பவர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். உங்கள் 13 ஜன்னலும் ஸ்லைடிங் கதவும் சேர்ந்து சுமார் 235 சதுர அடி கண்ணாடி வரும். கழற்றி மாட்டும் நெளிநெளியான அலுமினியத் தகடுகள் சதுர அடிக்கு 10 முதல் 15 டாலர் என்றால் மொத்தமே 2,400 முதல் 3,500 வரைதான். பக்கவாட்டில் மடிந்து நிற்கும் அக்கார்டியன் ஷட்டர் சதுர அடிக்கு 20 முதல் 30 வரை, ஆக 4,700 முதல் 7,000. மோட்டார் வைத்து மேலிருந்து இறங்கும் வகை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதே மரக்கட்டைச் சோதனையில் தேறிய ஷட்டரும் இம்பாக்ட் ஜன்னலும் இன்சூரன்ஸ் படிவத்தில் ஒரே வரிசையில்தான் வரும். அதாவது தள்ளுபடிக்காக மட்டும் என்றால், 35,000 செலவழித்தவருக்கும் 7,000 செலவழித்தவருக்கும் ஒரே பலன்.

அப்படியானால் ஏன் ஆட்கள் ஜன்னல் வாங்குகிறார்கள்? காரணம் இருக்கிறது. ஷட்டரை யாராவது மூட வேண்டும். தகடுகள் ஒவ்வொன்றும் கூரான ஓரம் உள்ளவை, கேரேஜிலிருந்து சுமந்து வந்து, எண் பார்த்து, வரிசையாக மாட்ட வேண்டும். இரண்டு பேருக்கு அரைநாள் வேலை, அதுவும் மழையும் காற்றும் தொடங்கிய பிறகு. நம் ஆட்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பள்ளி விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை. ஆக, குடும்பத்தோடு சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் நேரத்திலேயே இங்கே எச்சரிக்கை வரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் வீட்டு ஜன்னலை மூடவே நேரம் இருக்காது. விடுமுறை முழுவதும் மூடியே வைத்துவிட்டுப் போவதென்றால், உள்ளே ஆள் இல்லாத வீடு என்று தெருவுக்கே எழுதிப் போட்ட மாதிரி ஆகிவிடும். வயதான பெற்றோர் மட்டும் வீட்டில் இருக்கும் மாதங்களுக்கும் இதே கதைதான். வருஷா வருஷம் ஊருக்குப் போகும் குடும்பம் என்றால் நான் இம்பாக்ட் ஜன்னல் பக்கம்தான் சாய்வேன். வேறு லாபங்களும் உண்டு: தெருச் சத்தம் நன்றாகக் குறையும், திரையையும் சோபாவையும் வெளுக்கவைக்கும் புற ஊதாக் கதிர் பெரும்பாலும் தடுக்கப்படும், கண்ணாடியை உடைத்து உள்ளே வருவது திருடனுக்குக் கஷ்டம். மின்கட்டணம் குறையும் என்பது பாதி உண்மை. வெப்பத்தைத் தடுக்கும் பூச்சு போட்ட கண்ணாடியாக இருந்தால் குறையும். வெறும் தெளிவான லேமினேட் கண்ணாடி என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

பாதிப் பாதியாகச் செய்யலாமா என்றால், விதி தடுக்காது. ஆனால் இன்சூரன்ஸ் தடுக்கும். காற்றுப் பாதுகாப்புக்கான மாநிலப் படிவம் ஒன்று இருக்கிறது, எண் ஓ.ஐ.ஆர்.-பி1-1802. அதில் திறப்புகள் பகுதியில் வீட்டின் மிகப் பலவீனமான திறப்பு எதுவோ அதை வைத்துத்தான் முழு வீட்டுக்கும் தரம் போடுவார்கள். 13 ஜன்னலில் 12 மாற்றி, குளியலறைச் சின்ன ஜன்னலை விட்டுவிட்டால் தள்ளுபடி கிடையாது. ஆகவே இந்த வருஷம் ஏழு, அடுத்த வருஷம் ஆறு என்று போனால், முடிக்கும் வரை ஒரு சல்லிக்காசு குறையாது. அதைவிடக் கலந்து செய்வது புத்திசாலித்தனம். ஸ்லைடிங் கதவு, படுக்கையறைகள், எட்டாத இடங்கள் ஆகியவற்றுக்கு இம்பாக்ட் கண்ணாடி, மீதிக்கு அக்கார்டியனோ தகடோ. எல்லாமே அதே சோதனையில் தேறியவையாக இருந்தால் படிவம் இரண்டையும் ஏற்கும். படுக்கையறையில் கண்ணாடி வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் தீ. வெளியே தகடு அடித்த அறையில் தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக வெளியேற முடியாது.

நீங்கள் கேரேஜ் கதவைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. வீட்டிலேயே பெரிய திறப்பு அதுதான். 1989-இல் போட்ட அதே கதவு இன்னும் இருந்தால், 35,000-க்கு ஜன்னல் மாற்றிவிட்டு அதை அப்படியே விடுவது கோட்டைச் சுவரைக் கட்டிவிட்டு வாசலைத் திறந்து வைப்பது போல. உள்பக்கம் ஒரு தகட்டில் காற்றழுத்த எண்ணும் ஒப்புதல் எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் என் பட்டியலில் முதல் செலவு அதுதான்.

இன்சூரன்ஸ் குறையுமா என்பதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். எல்லாத் திறப்புகளும் பாதுகாக்கப்பட்டு, தகுதியுள்ள ஆய்வாளர் படிவம் நிரப்பிக் கொடுத்தால் நிறுவனம் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும், இது உறுதி. ஆய்வுக்கு நூறு, நூற்றைம்பது டாலர் ஆகும், படிவம் ஐந்து வருஷம் செல்லும். எவ்வளவு குறையும் என்பதுதான் உறுதியில்லாதது. தள்ளுபடி முழு பிரீமியத்திலும் வராது, புயல்காற்றுக்கான பங்கில் மட்டும்தான் வரும். கூரை நாலாபக்கமும் சரிந்த வகையா, கூரைச் சட்டங்கள் சுவரோடு எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதற்கெல்லாம் ஏற்கெனவே சலுகை வாங்கியிருந்தால், ஜன்னலால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "திறப்புகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டால் என் பிரீமியம் எவ்வளவு ஆகும்?" அவர் கணினியில் போட்டுப் பார்த்துச் சொல்லிவிடலாம். வருஷத்துக்கு 1,000 குறைகிறது என்று வையுங்கள். 35,000 திரும்பி வர 35 வருஷம். 7,000 என்றால் 7 வருஷம். வீட்டை விற்கும்போது போட்ட பணம் முழுதாகத் திரும்பும் என்று விற்பனையாளர் சொல்வதை நான் நம்புவதில்லை. வீடு சீக்கிரம் விலைபோகலாம், அவ்வளவுதான்.

கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே புயலுக்கான டிடக்டிபிள் தனி, பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். 4,50,000 டாலருக்குக் காப்பீடு என்றால் முதல் 9,000 உங்கள் கையிலிருந்துதான். நாலு ஜன்னல் உடைந்து, தரை நனைந்தால் அந்தச் செலவு மொத்தமும் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும், நிறுவனம் ஒன்றும் தராது. அப்புறம், ஜன்னல் வெள்ளத்தை நிறுத்தாது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் டாம்பா விரிகுடாப் பக்கம் வீடுகளைக் கெடுத்தது பெரும்பாலும் கடல்நீர் ஏறியதால்தான். அதற்கு வெள்ளக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும்.

சலுகைகளில் பழையதையும் புதியதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இம்பாக்ட் ஜன்னலுக்கு மாநில விற்பனை வரி விலக்கு 2022 ஜூலையில் தொடங்கி 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. மின்சிக்கன ஜன்னலுக்கு 600 டாலர் வரை இருந்த மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. 'மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்' என்ற மாநிலத் திட்டம் நீங்கள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலர் என்ற கணக்கில் 10,000 வரை மானியம் தருவது. 2024-க்குப் பிறகு குறைந்த வருமானக்காரர்களுக்கும் மூத்தவர்களுக்கும் முன்னுரிமை. ஒதுக்கிய நிதி சீக்கிரம் தீர்ந்துவிடும். மானியத்துக்கு ஒப்புதல் வரும் முன் வேலையைத் தொடங்கினால் அந்தப் பணம் கிடைக்காது. அதனால் அவர்களுடைய இணையதளத்தை முதலில் பாருங்கள். விற்பனையாளர் 'கையிலிருந்து ஒன்றும் வேண்டாம், சொத்து வரியோடு கட்டிக்கொள்ளலாம்' என்றால் அது பேஸ் என்கிற கடன். வீட்டின் மேல் வங்கிக் கடனுக்கும் முன்னால் வந்து உட்காரும் பாத்தியதை அது. வீட்டை விற்கும்போதோ மறுகடன் வாங்கும்போதோ இடிக்கும். நான் அதைத் தவிர்க்கச் சொல்வேன்.

'இன்றைக்கு மட்டும்' என்ற 6,000 அடுத்த வாரமும் இருக்கும். அந்தக் கம்பெனி தராவிட்டால் வேறொரு கம்பெனி தரும். இன்னும் இரண்டு கொட்டேஷன் வாங்குங்கள், அதில் ஒன்றாவது ஷட்டர் போடும் ஆளிடம். லைசென்ஸை மாநில இணையதளத்தில் சரிபாருங்கள். வீட்டுக்கு வந்து விற்றவரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம். 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கும் கான்ட்ராக்டர் 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பெர்மிட் கிடைத்த 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்று ஃபுளோரிடா சட்டம் சொல்கிறது. கடைசித் தவணையை இறுதி இன்ஸ்பெக்ஷன் தேறிய பிறகு மட்டும் கொடுங்கள். ஜன்னல் செய்து கொடுத்த கம்பெனிக்குக் கான்ட்ராக்டர் பணம் கட்டிவிட்டார் என்பதற்கான பாத்தியதை விடுப்புக் கடிதத்தையும் அப்போதே வாங்கிவிடுங்கள். அவர் கட்டாவிட்டால் அவர்கள் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோர முடியும், நீங்கள் முழுப் பணமும் கொடுத்திருந்தாலும்கூட.

அளவெடுத்து, செய்து, பொருத்தி முடிக்க மாதங்கள் ஆகும். அதற்குள் புயல் வந்தால் என்ன செய்வது என்றால், கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை, துண்டுகள் பெரிதாக விழும், அவ்வளவுதான். அழுத்தம் சமமாகட்டும் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பதும் தப்பு. ஸ்லைடிங் கதவின் அளவுக்கு மட்டுமாவது தகடுகளை இப்போதே வாங்கி, சுவரில் அதற்கான போல்ட்டுகளை அடித்து வையுங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு கடையில் ஒட்டுப்பலகைகூடக் கிடைக்காது.